ஊத்தியாச்சு

மார்ச் 4

தம்பிக்கு,

ஏழு வருஷம் கழித்து என் கையெழுத்தைப் பார்த்ததும் யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று பதற வேண்டாம். எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறோம். இருக்க வேண்டியவர் மட்டும் இல்லை. அது உங்களுக்குத் தெரிந்ததுதான்.

விஷயம் இது. வீட்டுக்காரர் பின்பக்கக் கொட்டகையை இடித்துவிட்டு அறை கட்டப் போகிறார். ஆகஸ்ட் பிறப்பதற்குள் காலி செய்து தர வேண்டும். தையல் மிஷின் மூன்றையும் முன்னறைக்கு மாற்றிவிட்டேன். துணி மூட்டைகள் கட்டிலுக்கு அடியில் போய்விட்டன. உங்கள் அண்ணனின் வண்டிதான் நகர மாட்டேன் என்கிறது. பின்சக்கரம் சுற்றவே இல்லை. சுமை தூக்குகிறவர்கள் இரண்டு பேர் வந்து இழுத்துப் பார்த்தார்கள், தரையில் கோடு விழுந்ததுதான் மிச்சம். "உள்ளுக்குள்ள ஏதோ பிடிச்சுக்கிட்டு நிக்குதுக்கா, மெக்கானிக்கைத்தான் கேக்கணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

எனக்குத் தெரிந்த மெக்கானிக் நீங்கள் ஒருவர்தான். என் தலையெழுத்து.

வண்டியை எப்படி நகர்த்துவது என்று மட்டும் எழுதுங்கள். போன் செய்ய வேண்டாம். உங்கள் குரலைக் கேட்கிற தெம்பு எனக்கு இல்லை. நேரிலும் வர வேண்டாம். அன்றைக்கு வாசலில் வைத்துச் சொன்னது சொன்னதுதான்.

உங்கள் அண்ணன் மகள் நன்றாகப் படிக்கிறாள். கல்லூரியில் இரண்டாம் வருஷம். நீங்கள் எப்படியும் கேட்பீர்கள் என்று நானே எழுதிவிட்டேன்.

அண்ணி


மார்ச் 15

அண்ணிக்கு வணக்கம்.

உங்கள் கடிதம் வந்து ஒரு வாரம் அலுவலகத்திலேயே கிடந்திருக்கிறது. எனக்கு யார் கடிதம் போடப் போகிறார்கள் என்று காவலாளி அதை மடித்து, ஆடுகிற மேஜைக்காலுக்கு முட்டுக் கொடுத்திருந்தார். நான் இன்னும் அதே கல் உடைக்கும் ஆலையில்தான் இருக்கிறேன். ஜெனரேட்டர் பார்த்துக்கொள்கிற வேலை. சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. எனக்குத் தோதான இடம்.

வண்டி நகர வழி சுலபம். பின்சக்கரத்துக்குப் போகிற செயினில் ஒரு கண்ணியில் மட்டும் மீன் மாதிரி ஒரு குட்டித் தகடு மாட்டியிருக்கும். தட்டை ஸ்குரூடிரைவரால் அதை நெம்பி எடுத்தால் செயின் கழன்றுவிடும். சக்கரம் சுற்றும். ஒரே ஆள் தள்ளலாம்.

கேட்டதற்குப் பதில் சொல்லியாகிவிட்டது. மரியாதையாகக் கடிதத்தை இங்கேயே முடித்திருக்க வேண்டும். முடிக்க முடியவில்லை.

அண்ணி, கியர் விழுந்தபடியே இறுகிப்போயிருக்கும், சக்கரத்தைப் பிடித்து வைத்திருப்பது இன்ஜின். உள்ளே பிஸ்டன் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டு நிற்கிறது. அன்றைக்கு அந்த வளைவில் எந்த இடத்தில் பிடித்துக்கொண்டு அண்ணனைத் தூக்கி எறிந்ததோ அதே இடத்தில். இதுவரை யாரும் திறந்து பார்க்கவில்லை. "தம்பி புது பிஸ்டனை இறுக்கமாப் போட்டுட்டான், அதான் ஓட்டத்துலயே பூட்டிக்கிச்சு" என்று நீங்கள் சொன்னீர்கள். தெருவும் சொன்னது. நான் இல்லை என்று சொல்லவில்லை, ஏனென்றால் எனக்கே தெரியாது. சிலிண்டரைக் கடைந்து புது பிஸ்டன் போட்டது நான்தான். முடியிழை அளவு இடைவெளி விட வேண்டும். விட்டேனா, அதிலும் பாதிதான் விட்டேனா? படுத்தால் இதே நினைப்பு. அதற்கப்புறம் இரண்டு சக்கர வண்டி எதையும் நான் தொட்டதில்லை.

பிஸ்டனை வெளியே எடுத்தால் தெரிந்துவிடும். என் பிழை என்றால் இங்கேயே கிடந்துவிட்டுப் போகிறேன். இல்லை என்றால் என்னை வீட்டுக்குள் விடுவீர்களா? அண்ணன் உட்காருகிற நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். கேள்விக்காரியைப் பார்க்க வேண்டும். (எதைக் கண்டாலும் ஏன் ஏன் என்று நச்சரிப்பாளே, நான் வைத்த பேர். இப்போதும் அப்படிக் கூப்பிட்டால் கோபிப்பாளோ என்னவோ.) கடைசியாகப் பார்த்த அன்று "சித்தப்பா, நீதான் அப்பாவைக் கொன்னியா" என்று கேட்டாள். பன்னிரண்டு வயது. அவள் கேட்ட ஆயிரம் கேள்வியில் நான் பதில் சொல்லாமல் விட்டது அது ஒன்றுதான்.

அனுமதி கொடுத்தால் ஒரே நாளில் வந்து கழற்றிவிட்டுப் போகிறேன். வண்டியையும் பழையபடி ஓட வைத்துத் தருகிறேன்.

தம்பி


மார்ச் 27

தம்பிக்கு,

மீன் தகடு கழன்றது. அது பறந்து போய் எங்கே விழுந்தது என்று தேடத்தான் அரை நாள் ஆனது. இதையும் எழுதியிருக்கலாம். சக்கரம் சுற்றுகிறது.

உங்கள் கடிதத்தை இரண்டு நாள் தலையணைக்கு அடியில் வைத்திருந்தேன். சரி, திறக்கலாம். ஆனால் நீங்கள் வர வேண்டாம். வெளியிலிருந்து மெக்கானிக்கும் வேண்டாம், அவன் தெருவுக்கெல்லாம் ஒலிபரப்புவான். நானே கழற்றுகிறேன். சிரிக்காதீர்கள். இருபது வருஷமாக மூன்று தையல் மிஷின்களைப் பிரித்துத் துடைத்துப் பூட்டுகிறவள் நான். திருகாணி என்றால் என்ன என்று எனக்கும் தெரியும். படிப்படியாக எழுதுங்கள், ஒரு குழந்தைக்கு எழுதுவது போல. "ல"வுக்கும் "ள"வுக்கும் வித்தியாசம் பார்த்து எழுதினால் புண்ணியமாகப் போகும்.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: விடுவேன். உங்கள் பிழை இல்லை என்றால் நானே வாசலில் நின்று கூப்பிடுகிறேன். ஆனால் அப்படி இருக்காது. வீணாக ஆசையை வளர்த்துக்கொள்ள வேண்டாம். எனக்கு உங்கள் மேல் கோபம் குறைந்துவிட்டது என்றும் நினைக்க வேண்டாம்.

அண்ணி


ஏப்ரல் 6

அண்ணிக்கு வணக்கம்.

நீங்கள் சம்மதித்ததைப் படித்துவிட்டு ஜெனரேட்டர் அறைக்குள் சத்தமாகப் பாடினேன். யாருக்கும் கேட்டிருக்காது.

ஒட்டிப்போன பிஸ்டனை எடுப்பதில் பாதி வேலை காத்திருப்பதுதான். முதலில் பிளக்கைக் கழற்றிவிட்டு அந்தத் துளை வழியாக டீசலும் கியர் ஆயிலும் சரிபாதியாகக் கலந்து ஊற்றுங்கள். அப்படியே விட்டுவிடுங்கள். மட்டம் இறங்கினால் மறுபடி ஊற்றுங்கள். இரண்டு வாரம் ஆகட்டும். பிறகு மேல் மூடியைப் பிடித்திருக்கும் நான்கு நட்டுகள். ஒன்றை முழுக்கத் தளர்த்திவிட்டு அடுத்ததற்குப் போகாதீர்கள். எதிரும் புதிருமாக, கால் சுற்று கால் சுற்றாக.

மூடியைத் திறந்தால் பிஸ்டனின் தலை தெரியும். அது அலுமினியம், சுற்றியிருக்கும் சிலிண்டர் வார்ப்பிரும்பு. சூட்டில் அலுமினியம் அதிகமாக விரியும், ஆறும்போது அதிகமாகச் சுருங்கும். அதனால் சூடு காட்டுங்கள், ஆற விடுங்கள். மறுநாளும் அதேதான். அப்புறம் உருண்டையான ஒரு மரக்கட்டையைப் பிஸ்டன் மேல் வைத்துச் சுத்தியலால் தட்டுங்கள். தட்டத்தான் வேண்டும், அடிக்கக் கூடாது. பத்து நாள் தட்டியும் அசையாது. மனுஷனுக்குக் கோபம் வரும். கோபத்தில் ஓங்கி ஒன்று போட்டால் பிஸ்டனின் தலை பொத்துக்கொள்ளும், அத்தோடு எல்லாம் போச்சு. அசைந்து கீழே இறங்கிவிட்டால் சிலிண்டரை மேலே உருவிவிடலாம். பிஸ்டனின் இரண்டு பக்கமும் சின்னக் கம்பி வளையம் இருக்கும். அவற்றை எடுத்துவிட்டு நடுவிலிருக்கும் 'பின்' என்கிற குட்டைக் குழாயைத் தள்ளினால் பிஸ்டன் கையோடு வந்துவிடும்.

இனி எதைப் பார்க்க வேண்டும் என்பது. பிஸ்டனின் பக்கவாட்டில் நான்கு மூலைபோல நான்கு இடத்தில் மட்டும் தேய்ப்பு இருந்தால் இடைவெளி போதவில்லை, நான்தான். பிஸ்டனைச் சுற்றி மாட்டியிருக்கும் ரிங் உடைந்து அதன் துண்டு குறுக்கே மாட்டியிருந்தால் அது சாமானின் கோளாறு, யார் பிழையும் இல்லை. எனக்கு ரிங் உடைந்திருக்க வேண்டும் அண்ணி. வேறெதையும் இவ்வளவு ஆசைப்பட்டதில்லை.

மூன்றாவதாக ஒன்று உண்டு, ஒழுங்குக்காகச் சொல்கிறேன். இந்த வண்டிக்குப் பெட்ரோலோடு டூ-டி ஆயிலைக் கலந்து ஊற்றினால்தான் உள்ளே வழவழப்பு. வெறும் பெட்ரோல் ஊற்றினால் சுற்றிலும் ஈயம் உருகிப் பூசியது போல இழுபட்டிருக்கும், அந்தப் பின்னைத் தாங்குகிற குட்டி உருளைகள் நீலம் பாரித்திருக்கும். அது இருக்க வழியில்லை. அன்று காலை நான் முற்றத்தில்தான் நின்றிருந்தேன். அண்ணன் குளியலறையிலிருந்து "ஊத்தியாச்சா" என்று கேட்டார், நீங்கள் முன்னறையிலிருந்து "ஊத்தியாச்சு" என்றீர்கள். என் காதால் கேட்டேன். ஆகவே அதை விட்டுவிடுங்கள்.

தம்பி


மே 20

தம்பிக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. டீசல் ஊற்றினேன். மேல் மூடியில் மூன்று நட்டுதான் வந்தது, நான்காவது திருகோடு முறிந்துவிட்டது. என் மணிக்கட்டும் வீங்கிவிட்டது. பள்ளிச் சீருடைத் தையல் வேறு கழுத்து வரை கிடக்கிறது.

யோசித்துப் பார்த்தேன். எதைத் திறந்து எதைப் பார்த்து என்ன ஆகப் போகிறது? போனவர் வரப் போவதில்லை. பழைய இரும்புக்காரரிடம் சொல்லிவிட்டேன், வந்து எடுத்துப் போவார். இதோடு விட்டுவிடுங்கள். இனிமேல் உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணி


மே 29

அண்ணி,

வைத்துக்கொள்ளுங்கள் என்றால் என்ன அர்த்தம்? ஏழு வருஷம் வாசலுக்கு வெளியே நிற்க வைத்துவிட்டு, இப்போது போனால் போகிறது என்று விட்டெறிகிறீர்கள். எனக்கு உங்கள் மன்னிப்பு வேண்டாம். எனக்குத் தெரிய வேண்டும்.

கேட்கக் கூடாதுதான், கேட்கிறேன். நான் பிழை செய்யவில்லை என்று தெரிந்துவிடுமோ என்று பயப்படுகிறீர்களா? இத்தனை வருஷமும் வீணாகத் திட்டினோம் என்று ஆகிவிடுமே என்றா? அப்படி ஆனாலும் நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். சத்தியம். காலில் விழச் சொன்னால் விழுகிறேன், இரும்புக்காரரிடம் மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அவர் முதலில் செய்கிற காரியம் இன்ஜினைச் சம்மட்டியால் உடைப்பதுதான்.

திருகு முறிந்தது நல்லதுதான். அந்தப் பக்கம் இனிப் பிடிமானம் கிடையாது. மூடியின் விளிம்பில் மரச் சுத்தியலால் சுற்றித் தட்டினால் தானே எழும்பும். ரொம்ப நாள் ஊறியாகிவிட்டது. இன்னும் கொஞ்சம்தான் அண்ணி.

தம்பி


ஜூன் 30

தம்பிக்கு,

இரும்புக்காரர் வந்தார். திருப்பி அனுப்பிவிட்டேன். நீங்கள் காலில் விழுகிறேன் என்று எழுதியதற்காக இல்லை. பதில் தெரிந்தும் தெரியாதவள் போல ஒரே வீட்டுக்குள் நடமாடுவது முடியவில்லை. இதற்கு அர்த்தம் கேட்டு எழுத வேண்டாம்.

மூடி எழும்பியது. சூடு காட்ட எதைக் கொண்டுவருவது என்று தேடி, கடைசியில் இஸ்திரிப் பெட்டியைத்தான் பயன்படுத்தினேன். சிலிண்டரில் வரிவரியாக இருக்கிற விளிம்புகளின் மேல் வைத்து, பக்கத்துக்குக் கால் மணி நேரம். உங்கள் அண்ணன் இருந்திருந்தால் வண்டிக்குச் சட்டை மடிப்பு எடுக்கிறியா என்று கேலி செய்திருப்பார். உடைந்த முக்காலியின் காலை அறுத்துக் கட்டையாக்கினேன். உங்கள் அண்ணன் மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள், கட்டையைப் பிடித்துக்கொண்டாள். "எதுக்கும்மா இப்ப இதைப் போய்க் கழட்டுறே" என்று கேட்டாள். நகர்த்தத்தான் என்றேன். "அதான் சக்கரம் சுத்துதே" என்றாள். அவள் வாயை யாரால் அடைக்க முடியும்.

பதினோரு நாள் தட்டினோம். ஒன்றும் இல்லை. பன்னிரண்டாம் நாள் அவள் விளக்கைக் காட்டி, "அம்மா, ஓரத்துல ஒரு கோடு தெரியுது" என்றாள். நூல் அளவுக்கு இறங்கியிருந்தது. அப்புறம் ஒவ்வொரு தட்டுக்கும் ஒரு நூல். பக்கத்தில் செயின் இல்லாத பல்சக்கரம் மெல்லத் திரும்பியது. எனக்கு அப்படி ஒரு சந்தோஷம், அவளைக் கட்டிக்கொண்டேன். பிறகு வெட்கமாக இருந்தது. அவரைக் கொன்ற சாமானை அசைத்துவிட்டுக் கட்டிப் பிடித்துச் சிரிக்கிறோம்.

மறுநாள் அவளைக் கடைக்கு அனுப்பிவிட்டுத் தனியாகத்தான் சிலிண்டரை உருவினேன். என்ன பார்த்தேன் என்று நான் எழுதப் போவதில்லை. பிஸ்டன், பின், அந்தக் குட்டி உருளைகள், எல்லாவற்றையும் துணிப்பையில் வைத்துத் தைத்து இதோடு அனுப்புகிறேன். நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். நீங்கள் என்ன எழுதினாலும் அதை ஏற்றுக்கொள்கிறேன்.

அண்ணி


ஜூலை 12

அண்ணிக்கு வணக்கம்.

பை வந்தது. தையலைப் பிரிக்கவே மனசு வரவில்லை, அவ்வளவு நேர்த்தி.

பார்த்தேன். நான்கு மூலையிலும் தேய்ப்பு இருக்கிறது. இடைவெளி போதவில்லை. நான்தான். ஏழு வருஷம் முன்பு நீங்கள் சொன்னதுதான் சரி. மற்றபடி தெரிகிற இழுப்பெல்லாம் நீங்கள் தட்டி எடுத்தபோது விழுந்தது, அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தெரிந்தது ஒரு வகையில் நிம்மதிதான். இனி எழுதித் தொந்தரவு செய்ய மாட்டேன். வண்டியை இரும்புக்காரருக்கே கொடுத்துவிடுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தம்பி


ஜூலை 21

தம்பிக்கு,

நீங்கள் நல்ல மெக்கானிக், படுமட்டமான பொய்யர். ஊசியில் நூல் கோர்க்கிற கண் என்னுடையது. பையில் போட்டுத் தைக்கும் முன் ஜன்னலோரம் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். நான்கு மூலை எங்கே இருக்கிறது? சுற்றிலும் பூசின மாதிரி இழுத்திருக்கிறது. ரிங் முழுசாக இருக்கிறது. உருளைகள் நீலம். மரக்கட்டையால் தட்டினால் உருளை நீலமாகுமா? எப்படிப் பார்ப்பது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்ததே நீங்கள்தான், அது மறந்துவிட்டதா?

நீங்கள் என்ன எழுதினாலும் ஏற்றுக்கொள்கிறேன் என்று எழுதினேன். அதை நம்பியே இருந்துவிடலாம் என்றுதான் எழுதினேன். முடியவில்லை.

அன்று காலை பெட்ரோல் கேனை எடுத்து டாங்கில் ஊற்றியது நான். எப்போதும் அது என் வேலை. ஆயிலை அளந்து ஊற்றுவது அவர் வேலை. புது பிஸ்டன், கொஞ்ச நாளைக்கு ஆயில் கூடுதலாகப் போகணும் என்று நீங்கள் முந்தின நாள் அவரிடம் சொன்னீர்கள். அதனால்தான், அன்றைக்கு நீங்களே ஊற்றியிருப்பீர்கள் என்று நினைத்து, குளித்துக்கொண்டே ஞாபகமாகக் கேட்டிருக்கிறார். அவர் ஆயிலைக் கேட்டார். நான் பெட்ரோலைச் சொன்னேன். ஊத்தியாச்சா. ஊத்தியாச்சு. யார் ஊற்றியது, எதை ஊற்றியது, எதுவுமே இல்லாத ஒரு சொல். "நான் பெட்ரோல் ஊத்திட்டேன், ஆயிலை நீங்க ஊத்துங்க" என்று முழுதாகச் சொல்ல எனக்கு என்ன கேடு என்று கேட்பீர்கள். மிஷினில் உட்கார்ந்திருந்தேன். உதட்டில் மூன்று குண்டூசி கடித்திருந்தேன். ஒரு வார்த்தைக்கு மேல் வாயைத் திறந்தால் ஊசி விழும்.

உங்கள் ஏப்ரல் கடிதத்தில்தான் தெரிந்துகொண்டேன் என்று சொல்ல ஆசைதான். அதுவும் முழு உண்மை இல்லை. அவரைக் கொண்டுபோன மூன்றாம் நாள் அலமாரியைத் திறந்தேன். நீங்கள் வாங்கிக் கொடுத்த ஆயில் டப்பா மூடி உடையாமல் இருந்தது. அது வேறு டப்பாவாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்துக்கொண்டு, அதை எடுத்துப் போய்த் தெருமுனைக் குப்பையில் போட்டேன். அன்று சாயங்காலம்தான் நீங்கள் வந்தீர்கள். வாசலில் வைத்து உங்களைப் பார்த்து அவ்வளவு கத்தினேனே, எதற்கு என்று இப்போது புரிகிறதா? உங்கள் மேல் கோபப்பட்டுக்கொண்டே இருந்தால் அந்த டப்பா ஞாபகம் வராது.

வாசலில் நின்று கூப்பிடுகிறேன் என்றேன். கூப்பிடுகிறேன். வாருங்கள் தம்பி. அந்த நாற்காலியில் உட்காருங்கள். என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லுங்கள்.

அண்ணி


ஆகஸ்ட் 2

அண்ணிக்கு,

நீங்கள் வாருங்கள் என்று எழுதியிருப்பதை எத்தனை முறை படித்தேன் என்று எனக்கே தெரியாது. வர முடியாது அண்ணி.

நான்கு மூலை என்று எழுதியது பொய்தான். இது பொய் இல்லை, இதை நம்புங்கள். அண்ணன் வண்டியைக் கிளப்பியபோது நான் பின்னாலேயே நின்றேன். புதிதாகக் கட்டின இன்ஜின், ஆயில் கூடுதலாக ஊற்றியிருக்கிறது என்றால் சைலன்சர் வெள்ளையாகப் புகை கக்க வேண்டும். அந்தப் பக்கம் நிற்கிறவன் தெரியக் கூடாது. அன்றைக்குப் புகையே இல்லை. முதல் உதையில் துளி வந்தது, அப்புறம் சுத்தம். தொழில் தெரிந்த எவனும் அந்த இடத்திலேயே ஓடிப் போய் நிறுத்தியிருப்பான். நான் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம், "பாத்தீங்களா, எப்படிக் கட்டியிருக்கேன், புகையே இல்ல" என்று பெருமை வேறு அடித்துக்கொண்டேன். அண்ணன் கையை ஆட்டிவிட்டுப் போனார். வண்டிச் சத்தம் மறைகிற வரை நின்று ரசித்தேன்.

பிஸ்டனைப் பார்க்கிற வரை இது எனக்கு உறைக்கவில்லை. ஆயில் இருக்கிறது என்று நம்பியிருந்ததால் புகையைப் பற்றி யோசிக்கவே இல்லை. பையைப் பிரித்ததும் முதலில் ஞாபகம் வந்தது உங்கள் முகம் இல்லை, அந்தச் சைலன்சர்தான். உங்களைக் காப்பாற்றத்தான் பொய் எழுதினேன் என்று நினைக்க வேண்டாம். அளவு தப்பிவிட்டது என்பது சின்னத் தப்பு, கை செய்த தப்பு. அதற்குப் பின்னால் ஒளிந்துகொள்ளப் பார்த்தேன். கண்ணெதிரே பார்த்துவிட்டு மார் தட்டிக்கொண்டு நின்றதை எதில் சேர்ப்பது?

நீங்கள் ஒரு வார்த்தை குறைத்துச் சொன்னீர்கள். நிறுத்தக் கூடியவன் நான் ஒருவன்தான், நான் நிறுத்தவில்லை. எந்த முகத்தோடு அந்த நாற்காலியில் உட்காருவேன்.

தம்பி


ஆகஸ்ட் 13

தம்பிக்கு,

முதலில் நான்கு மூலை, இப்போது புகை. என்னைத் தேற்றுவதற்கு நீங்கள் படுகிற பாட்டைப் பார்த்தால் அழுகையாக வருகிறது. நீங்கள் நல்லவர். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் கேட்கலாம் என்றால் அவர் போய்ச் சேர்ந்து மூன்று வருஷம் ஆகிறது. சாட்சிக்கு ஆள் இல்லாத இடமாகப் பார்த்துத்தான் கதையைக் கட்டியிருக்கிறீர்கள். வேண்டாம் தம்பி. என் பங்கை எடுத்துப் பாதி பாதியாக நறுக்கிக் கொடுக்க இது துணி இல்லை.

கொட்டகையை இடித்தாகிவிட்டது. பழைய வண்டிகளைத் தேடிச் சேர்க்கிறவர் ஒருவர் வண்டியை எடுத்துக்கொண்டார். தனி ஆளாகத் தள்ளிக்கொண்டு போனார்.

உங்கள் அண்ணன் மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். டப்பாவைக் குப்பையில் போட்டதையும் சொன்னேன். ஊத்தியாச்சு என்று சொன்னதைக்கூடப் பொறுத்துக்கொண்டாள் போலிருக்கிறது, டப்பாவைப் பொறுக்க முடியவில்லை. "ஏழு வருஷம் சித்தப்பாவை நான் வெறுத்தேனேம்மா" என்றாள். அத்தோடு பேச்சு நின்றது. விடுதிக்குப் போய்விட்டாள். போன் எடுப்பதில்லை. போகும்போது உங்கள் விலாசத்தை மட்டும் கேட்டாள், கொடுத்திருக்கிறேன்.

அவள் வந்தால் புகைக் கதையைச் சொல்லாதீர்கள். அம்மாவும் சித்தப்பாவும் கூடிப் பேசி மறுபடி தன்னை ஏமாற்றுகிறார்கள் என்று நினைப்பாள். வீட்டில் ஒரு பெரியவராவது நேர்மையான ஆள் என்று அவள் நம்பட்டும். அது நீங்களாக இருங்கள். இது ஒன்றுதான் நான் உங்களிடம் கேட்பது.

அண்ணி


செப்டம்பர் 1

அண்ணிக்கு,

நேற்று வந்தாள். மூன்று பஸ் மாறி வந்திருக்கிறாள். ஜெனரேட்டர் அறையில் உட்கார வைக்க நாற்காலி இல்லை, கவிழ்த்த டிரம்மில்தான் உட்கார்ந்தாள். என்னைவிட உயரமாகிவிட்டாள். கேள்விக்காரி என்று கூப்பிட்டேன், கோபிக்கவில்லை.

"அன்னைக்கு உன்னை அப்படிக் கேட்டதுக்கு மன்னிச்சிடு சித்தப்பா" என்றாள். அப்புறம், "அம்மா சொன்னதெல்லாம் நிஜமா, நீ வேற எதையாச்சும் மறைக்கிறியா" என்று கேட்டாள். நேராகக் கண்ணைப் பார்த்துத்தான் கேட்டாள். நான் எதையும் மறைக்கவில்லை என்று சொன்னேன்.

நீங்கள் கேட்டுக்கொண்டதற்காகச் சொன்னேன் என்று எழுதினால் அதுவும் பொய்யாகிவிடும். உங்கள் கடிதம் அப்போது என் ஞாபகத்திலேயே இல்லை. அவள் என் கையைப் பிடித்திருந்தாள். கிரீஸ் கை என்று இழுத்தேன், விடவில்லை. ஏழு வருஷத்தில் என் கையை யாரும் பிடித்ததில்லை அண்ணி. புகையைப் பற்றிச் சொன்னால் அவள் கையை எடுத்துவிடுவாள் என்று பயந்தேன், அவ்வளவுதான்.

அம்மாவோடு பேசு என்றேன். "எப்பவாச்சும் பேசுறேன், இப்ப இல்ல" என்றாள். இன்னொரு தடவை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. இனிமேல் தனக்கு நம்புகிற மாதிரி நான் ஒருத்தன்தான் என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறினாள்.

புகை நிஜம் அண்ணி. நீங்கள் நம்ப மாட்டீர்கள், அவளிடம் நான் சொல்லவில்லை. அடுத்த மாதமும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள். அப்போதும் சொல்ல மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன்.

தம்பி